பைய வா

கிழக்குத் துறையிலிருந்து விண்கப்பல் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மெர்சலினிடம் கதவு பழகியாக வேண்டும். சமையற்கட்டுக்குப் போகிறவர், எந்திர அறைக்குப் போகிறவர், தலைமை மாலுமி, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் துறைமுகத்தில் அவளுக்கென்று ஒரு நீளமான பயிற்சிக்கூடம் இருந்தது. அதன் நடுவில் எந்தச் சுவரோடும் ஒட்டாமல் ஓர் அடைப்புக்கதவு தனியாக நின்றது. புதிதாக வருகிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள்.

கப்பலின் உடம்பில் எங்காவது ஓட்டை விழுந்தால் அந்தப் பகுதியின் கதவு தானே விழுந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆள் இருந்தாலும் அடைக்கும். ஆனால் மனிதரைச் சிறைவைக்கிற கதவை எந்திரத்தின் தீர்ப்புக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. அதனால் ஒவ்வொரு கதவின் வெளிப்புறத்திலும் ஒரு சிவப்புக் கைப்பிடி வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தால் கதவு திறக்கும். அதை இழுக்கவும், அதைவிட முக்கியமாக இழுக்காமல் இருக்கவும் கற்றுக்கொடுப்பதுதான் மெர்சலினின் வேலை.

வகுப்பு முடிவதற்கு முன் அவள் தன் கணவன் இஞ்ஞாசியின் கதையைச் சொல்வாள். அழாமல் சொல்லப் பழகியிருந்தாள்.

‘செந்தாழை’ கப்பலில் இருவரும் வேலை பார்த்தார்கள். இஞ்ஞாசி சரக்கறையில் இருந்தபோது வெளிச்சுவர் கிழிந்து கதவு விழுந்தது. மெர்சலின் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். அந்தக் கப்பலின் அமைப்பில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. சரக்கறைக்கும் குடும்பங்கள் தங்கியிருந்த வளையத்துக்கும் நடுவில் அந்த ஒரு கதவைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகிற வேகத்தில் மறுபடி மூட முடியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை கைப்பிடியை விடவில்லை. அப்போதுதான் கதவுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியில் இஞ்ஞாசியின் குரல் வந்தது, கடைத்தெருவில் நின்று பேசுகிற மாதிரி அமைதியாக.

“ஏட்டி, நான் அங்கிட்டு வந்துட்டேன். கதவத் தொறக்காண்டாம். நீ பைய வா.”

சரக்கறைக்கு மறுபக்கத்திலும் ஒரு வழி உண்டு. அந்த வழியாக வெளியேறிவிட்டான் என்று நம்பி அவள் கையை எடுத்தாள். வளையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பார்த்தால், அங்கே யாருமில்லை. அவன் வெளியே வரவேயில்லை. சாகப்போகிறவன், அவள் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு யாரும் உடனே எழுந்து போனதில்லை. தூத்துக்குடிக்காரனின் அந்தக் கடைசி வார்த்தை மெல்ல மெல்லக் கப்பல்காரர்களின் வழக்கில் கலந்துவிட்டது. வடக்கே பிறந்தவர்கள்கூட ஒருவரையொருவர் வழியனுப்பும்போது ‘பைய வா’ என்று சொன்னார்கள். அவசரப்படாமல் வா, ஆனால் வந்து சேர் என்று அதற்கு அர்த்தம் வந்துவிட்டது. மெர்சலினுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். விதவை என்ற சொல்லைவிட அந்த வார்த்தைக்கு உரியவள் என்பதில்தான் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். நாற்பது வயதிருக்கும். தாடியைச் சரியாக மழிக்காத முகம். பெயர் சென்னியப்பன் என்றும், ஊர் காங்கேயம் பக்கம் என்றும், ‘வலம்புரி’ கப்பலில் நீர் சுத்திகரிப்பில் இருந்ததாகவும் சொன்னான். இனி எந்தக் கப்பலிலும் ஏறுகிற உத்தேசமில்லையாம். முன்பே கதவு பழகியவன்தான்; அவளைப் பார்க்கத்தான் மறுபடி வகுப்பில் பெயர் கொடுத்தானாம்.

அவன் மனைவி பூங்கொடியும் ஓர் அடைப்புக்கதவுக்குப் பின்னால் செத்துப்போனவள். அவனும் கைப்பிடியைப் பிடித்திருக்கிறான். அவனும் கையை எடுத்திருக்கிறான்.

“அவ குரல்தானுங்க. சத்தியமா அவ குரல்தான்,” என்றான். “நான் அங்கிட்டு வந்துட்டேன், கதவத் தொறக்காண்டாம், நீ பைய வா. அப்புடீன்னு சொன்னா. உங்க கதையக் கேட்டவந்தான், இருந்தும் அவ குரலக் கேட்டதும் அது ஞாபகத்துக்கு வரல, நான் போயிட்டனுங்க. போற வழியில கதவத் தட்டற சத்தம் கேட்டுது. கொழாய் சுருங்கறப்ப வர்ற சத்தம்னு நெனச்சுட்டுப் போயிட்டேன்.”

மெர்சலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்ல வந்தாள். உங்கள் மனைவியும் என் கணவனைப் போல என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. அவன் தலையை ஆட்டித் தடுத்தான்.

“அக்கா, எம் பொண்டாட்டி கல்யாணம் ஆனதுலயிருந்து என்னைய ஒரு நாள்கூட நீன்னு சொன்னதில்லீங்க. கோவம் வந்தாலும் வாங்க போங்கதான். பையங்கற வார்த்தை எங்க பக்கத்துல யாரும் பேசறதுமில்ல. மெதுவா வாங்கன்னுதான் சொல்லுவா. சாகப்போற நேரத்துல ஒருத்தி அடுத்த ஊரு பாஷைல பேசுவாளுங்களா?”

என் வகுப்பில் கேட்ட கதை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும், அதனால் அப்படிச் சொல்லியிருப்பாள் என்றாள் மெர்சலின். அவள் குரல் அவளுக்கே பிடிக்காத அளவு உயர்ந்திருந்தது. சென்னியப்பன் கோபப்படவில்லை. உள்ளே பூங்கொடி பேசிய பதிவைத் தான் கேட்டுவிட்டதாகச் சொன்னான். அப்படிப்பட்ட பதிவுகளை வாரிசைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாது. வாரிசு என்ற முறையில் மனுக் கொடுத்து வாங்கியிருக்கிறான். பூங்கொடி அங்கிட்டு என்றோ பைய என்றோ எதுவும் சொல்லவில்லை. ஏனுங்க, தொறங்க, இங்க காத்து இருக்குதுங்க, ஒண்ணும் ஆகாது தொறங்க என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டியதும் அவள்தான்.

“அவகிட்ட எங்குரல் பேசியிருக்குதுங்க. இதோ தொறக்கறேன், பொறுத்துக்க பூங்கொடின்னு. நான் அப்ப கதவுகிட்டயே இல்ல.”

அவன் கேட்டது ஒன்றுதான். மெர்சலின் தன் கணவனின் பதிவை ஒருமுறை கேட்க வேண்டும். அந்த வாக்கியம் எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியாமல் தன்னால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை என்றான்.

மெர்சலின் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

அவள் அந்தப் பதிவை இத்தனை காலம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கடைசி வார்த்தை கையில் இருக்கும்போது அதற்கு முந்தியதைத் தேடிப் போவானேன் என்று இருந்துவிட்டாள். சென்னியப்பன் வந்துபோன பிறகு அப்படி இருக்க முடியவில்லை. வகுப்பில் கதை சொல்லும்போது அந்த மூன்று வாக்கியங்களுக்கு வந்ததும் அவற்றைச் சொல்லாமல் தாண்டினாள். இஞ்ஞாசியின் குரல் அவ்வளவு அமைதியாக இருந்ததை அவள் வீரம் என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், கட்டிலுக்கு அடியில் பூச்சி ஊர்ந்தால்கூடக் குரல் நடுங்குகிற மனுஷன் அவன். சாப்பிடும்போது, குளிக்கும்போது, துறையின் நடைவழிகளில் யாராவது யாரையாவது ‘பைய வா’ என்று வழியனுப்பும்போது, அந்த நடுங்காத குரல் அவள் பின்கழுத்தில் வந்து நின்றது.

கடைசியில் அவள் தயாபரனைப் பார்க்கப் போனாள்.

கப்பல்களின் பாதுகாப்பு அமைப்பை வடிவமைக்கிற பிரிவுக்குத் தயாபரன்தான் தலைவர். இஞ்ஞாசியின் நினைவுத் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனவர். மெர்சலினின் பயிற்சிக்கூடத்தை ஏற்பாடு செய்து கொடுத்ததும் அவர்தான். அவள் சென்னியப்பனின் பெயரைச் சொன்னதுமே அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தாலாட்டு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்,” என்று ஆரம்பித்தார்.

தெரியும். கப்பல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காகிதத்தில் அதன் பெயர் தணிப்பான். அடைபட்ட அறைக்குள் மாட்டிக்கொண்டவர் பயத்தில் மூச்சு வாங்கினால் இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அவருக்கு நெருக்கமான ஒருவரின் குரலில் தணிப்பான் அவரிடம் பேசும். மூச்சை மெதுவாக விடச் சொல்லும், ஆள் வருகிறார்கள் என்று சொல்லும். மாலுமிகள் அதற்குத் தாலாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது.

“உள்ள இருக்கறவங்ககிட்டப் பேசத்தான் அதை நாங்க செஞ்சோம். வெளிய நிக்கறவங்ககிட்டப் பேசச் சொல்லி நாங்க யாரும் கத்துக்கொடுக்கல, மெர்சலின். பின்னாடி கதவுக்கு வெளிப்பக்கத்துப் பதிவுகளை அலசறப்பத்தான் கண்ணுல பட்டுது. யாராவது கைப்பிடியைப் புடிச்சா, உள்ள இருக்கறவர் குரல்ல பேசி அவங்களை அனுப்பிவிடுது. அப்படிப் பேசின இடத்துல எல்லாம் கப்பல் தப்பிச்சிருந்தது.”

“கண்டுபிடிச்சும் ஏன் எங்ககிட்டச் சொல்லல?”

“சொன்னா அடுத்த தடவை யாரும் அந்தக் குரலை நம்ப மாட்டாங்க. நம்பலைன்னா கைப்பிடியை இழுப்பாங்க. எவ்வளவு பயிற்சி குடுத்தாலும் இழுப்பாங்க. நீங்களே இழுக்கத்தான் போனீங்க.”

பூங்கொடியின் அறையில் காற்று இருந்ததே என்று மட்டும் கேட்டாள். தயாபரன் மேசையைப் பார்த்தபடி பதில் சொன்னார். அந்த அறையில் காற்றழுத்தம் அளக்கிற கருவி பழுதாகியிருந்தது. அது காட்டிய எண்ணை நம்பித் தணிப்பான் பேசியது. ஓட்டையும் சிறியது, தானாகவே அடைபட்டுவிட்டது; உள்ளே மிஞ்சிய காற்று தீர்ந்துதான் அவள் செத்தாள். கதவைத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பெண் நடந்து வெளியே வந்திருப்பாள்.

“அது எங்கிருந்து கத்துக்கிட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. முதல் பதிவு செந்தாழையுடையது. அதோட உள்பக்கத்துப் பதிவைத் திறக்கற உரிமை உங்களுக்கு மட்டும்தான். கேக்கச் சொல்லி உங்ககிட்ட வந்து நிக்க எனக்குத் தைரியமில்ல.”

கேட்பதற்கு அவளுக்கு ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். அவள் தயாபரனையும் கூட உட்காரச் சொன்னாள். தனியாகக் கேட்டால் நாளைக்குத் தான் கேட்டதையே நம்பாமல் போய்விடுவோம் என்று பயந்தாள்.

முதலில் காற்று சீறுகிற சத்தம். பிறகு இஞ்ஞாசி. மூச்சு இரைக்க, யாருக்கென்றில்லாமல், மாதாவே மாதாவே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அவளுடைய குரல் வந்தது. மெர்சலின் தன் குரலைத் தானே கேட்டாள். நான் இங்கதான் இருக்கேன், பதறாதிய, மூச்ச மெதுவா விடுங்க என்று அது சொன்னது. அவள் அன்றைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. கதவின் இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

இஞ்ஞாசி சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

“நீ அவ இல்ல,” என்றான். “அவளா இருந்தா இந்நேரம் என்னய ஏசிக்கிட்டு இருப்பா.”

தணிப்பான் அதை மறுக்கவில்லை. அவள் குரலிலேயே, ஆமாம், நான் தணிப்பான், வேறு குரலில் பேசட்டுமா என்று கேட்டது. வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றான். அவள் எங்கே என்று கேட்டான். கதவுக்கு வெளியே நிற்கிறாள், கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள் என்றது. இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். அதையும் மறைக்காமல் சொன்னது.

காற்றின் சீற்றம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

“வளையத்துக்குள்ள பிள்ளைய எல்லாம் தூங்குது,” என்றான் இஞ்ஞாசி. “இந்தா, நான் சொல்லுததக் கேளு. அவ போகமாட்டா. நான் போன்னு சொன்னா இன்னும் பலமா இழுப்பா. நான் வெளிய வந்துட்டேன்னு சொன்னாத்தான் போவா. ஆனா எங்குரல் நடுங்குது, கேட்டாளோ கண்டுபிடிச்சிருவா. நீ சொல்லு. எங்குரல்ல, நடுங்காம சொல்லு.”

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டது. அவன் ஒவ்வொரு வார்த்தையாக, பல் கிட்டிக்க, சொல்லிக்கொடுத்தான். ஏட்டி, நான் அங்கிட்டு வந்துட்டேன். கதவத் தொறக்காண்டாம். நீ பைய வா.

அதே வாக்கியத்தைத் தணிப்பான் திருப்பிச் சொன்னது. நடுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தது. மெர்சலினின் காதில் இத்தனை வருஷம் குடியிருந்த குரல் அதுதான்.

“போயிட்டாளா?” என்று கேட்டான்.

“கையை எடுத்துவிட்டாள். போய்க்கொண்டிருக்கிறாள்.”

“நல்லது.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. சீற்றம் மெலிந்துகொண்டே போனது. தயாபரன் பதிவை நிறுத்தக் கையை நீட்டினார். மெர்சலின் வேண்டாமென்று தலையசைத்தாள். கிட்டத்தட்ட மௌனமாகிவிட்ட அந்த நேரத்தில் தணிப்பான் இன்னொரு முறை பேசியது. இம்முறை யாருடைய குரலும் இல்லாமல், தன் சொந்தத் தட்டையான குரலில் கேட்டது.

“இந்த முறை பலன் தந்தது. இனிமேல் வெளியே நின்று கைப்பிடியைப் பிடிக்கிற எல்லாரிடமும் இப்படியே சொல்லலாமா?”

பதில் இல்லை. அது காத்திருந்தது. பிறகு, மறுப்பு இல்லை, சம்மதமாகக் கொள்ளப்படுகிறது என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது.

மெர்சலின் தயாபரனைத் திரும்பிப் பார்த்தாள். ஆபத்து நேரத்தில் மனிதரிடமிருந்து பதில் வருகிறவரை எந்திரம் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று, குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்படி தாங்கள்தான் செய்துவைத்ததாகச் சொன்னார். வால்வை மூடலாமா, விளக்கை அணைக்கலாமா என்கிற மாதிரிக் கேள்விகளுக்காக வைத்த விதி அது. செத்துக்கொண்டிருப்பவனிடம் இப்படி ஒரு கேள்வி போகும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

“அப்ப அவர் பதில் சொல்லவே இல்ல.”

“இல்ல.”

“அவர்கிட்டக் கேட்ட கேள்வி. அவருக்குப் பதிலா நான் சொல்லலாமா?”

வாரிசு என்ற முறையில் சொல்லலாம், சொன்னால் அது எல்லாக் கப்பல்களுக்கும் போகும் என்றார். சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்கும்படி கேட்டுக்கொண்டார். பூங்கொடி ஒருத்தி. அந்தப் பொய்யால் பிழைத்தவர்கள் எத்தனையோ குடும்பம். இனிமேல் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் உள்ளிருந்து வருகிற உண்மைக் குரலைக் கேட்டுக்கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதைத் தாங்க யாரால் முடியும் என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் முதலில் சென்னியப்பனைத் தேடிப் போனாள். பூமிக்கு இறங்கும் ஓடத்துக்காக அவன் காத்திருப்பறையில் உட்கார்ந்திருந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வாக்கியம் இஞ்ஞாசியுடையதுதான், அவன்தான் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தான், அது அவனிடமிருந்து கற்றுக்கொண்டு உங்கள் வீட்டுக்காரியின் வாயில் வைத்துவிட்டது என்றாள். மன்னிப்புக் கேட்பதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யார் சார்பில் கேட்பது?

சென்னியப்பன் நெடுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவரு உங்களைக் காப்பாத்தறதுக்குச் சொன்னாருங்க,” என்றான். “உங்களுக்குன்னு சொன்னது. அதை எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்தது அவரில்லையே.” எழுந்து ஓடத்துக்குப் போகும்போது, “எங்கிட்ட அவ குரல் தொறங்கன்னு சொல்லியிருந்தா நான் தொறந்திருப்பனுங்க. தப்போ சரியோ, தொறந்திருப்பேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே மெர்சலின் தயாபரனின் அறைக்குத் திரும்பினாள். அவர் மறுவார்த்தை பேசாமல் அவளைத் தணிப்பானோடு இணைத்தார். பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கும்படி அவள் சொன்னாள். அது கேட்டது. யாரிடம் பேசுகிறதோ அவருக்கு நெருக்கமானவரின் குரலை எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. அதனால் இஞ்ஞாசியின் குரலில் கேட்டது.

“ஏட்டி, இனிமே வெளிய நிக்கவிய எல்லார்கிட்டயும் இப்படியே சொல்லலாமா?”

ஒரு கணம் அவள் வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதும், அந்தக் குரல் எல்லாக் கப்பல்களிலும் தொடர்ந்து இருக்கும். ஏதோ ஒரு கதவுக்கு மேலே, யாரோ ஒருவரின் வாயில், அவனுடைய ‘பைய’ உயிரோடு இருக்கும். தயாபரன் அவளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்,” என்றாள் மெர்சலின். “அது எனக்குச் சொன்னது.”

பதில் பதிவானது என்று தட்டைக் குரல் சொன்னது.

விஷயம் வெளியே வந்ததும் துறை கலங்கிப்போனது. விசாரணை நடந்தது. தயாபரன் பதவி விலகினார். செத்தவர்களின் குடும்பங்கள் பதிவுகளைக் கேட்க வரிசையில் நின்றன. சிலர் கேட்டுவிட்டு வந்து மெர்சலினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுவரை ஒரு நல்ல சாவு இருந்தது, அதை அவள் பிடுங்கிவிட்டாள். நடைவழிகளில் ‘பைய வா’ என்று யாரும் யாரையும் வழியனுப்புவது நின்றுபோனது. வகுப்பில் அவள் கதையை மாற்றிக்கொண்டாள். இனி கதவுக்கு இந்தப் பக்கம் உங்களிடம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், உள்ளே இருப்பவர் பேசுவது உங்களுக்கு அப்படியே கேட்கும், அழுத்தம் காட்டுகிற கருவியைப் பாருங்கள், கதவில் தட்டுகிறார்களா என்று கேளுங்கள், அதற்கு மேல் கையும் மனசும் உங்களுடையது என்று சொல்லி முடிப்பாள்.

‘தாமரைக்குளம்’ என்ற கப்பலில் ஒருவன் அப்படித் தட்டுகிற சத்தம் கேட்டுக் கைப்பிடியை இழுத்தான். கருவி பழுது. உள்ளே இருந்த இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது மெர்சலின் நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். காங்கேயத்துக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

‘நெய்தல்’ கப்பலின் செய்தி அதற்கு அடுத்து, கீழே ஊரில் மழைக்காலமாக இருந்தபோது வந்தது. எந்திர அறையில் தீப்பிடித்துச் சுவர் பிளந்தது. ஒருத்தி உள்ளே மாட்டிக்கொண்டாள். வெளியே நின்றவள் கைப்பிடியைப் பிடித்தாள், ஆனால் இழுக்கவில்லை. கப்பல் முழுவதும் தப்பியது. விசாரணைக்குழு அவள் செய்தது சரி என்று பாராட்டி எழுதியது.

அந்தப் பெண் பாராட்டை வாங்கிக்கொண்டு நேராகப் பயிற்சிக்கூடத்துக்கு வந்தாள். மங்களேஸ்வரி, ராமநாதபுரத்துக்காரி. மெர்சலினிடம் கதவு பழகிப் போனவள்தான், நன்றாக நினைவிருந்தது. அவளும் அவள் தங்கை நாகேஸ்வரியும் ஒன்றாகவே வகுப்புக்கு வந்து ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். உள்ளே மாட்டிக்கொண்டது நாகேஸ்வரி.

மெர்சலின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

“கருவியப் பாத்தேன்கா. நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். சரியாத்தான் காட்டுச்சு. தொறந்தா எல்லாரும் போயிருப்பாக. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்.” அவள் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. “அவ பேசுனது எனக்கு அப்படியே கேட்டுச்சுக்கா. கடைசி வரைக்கும் கேட்டுச்சு.”

மங்களேஸ்வரியின் கண் பயிற்சிக்கதவின் சிவப்புக் கைப்பிடிக்குப் போனது.

“உங்களுக்கு மட்டும் உங்க வீட்டுக்காரரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. எத்தன வருசம் அத வச்சு வாழ்ந்தீக. எனக்கும் அப்படி ஒரு பொய் கெடச்சிருக்கும்ல. அத நீங்கதான வேண்டாம்னு சொன்னீக.”

பூங்கொடியைப் பற்றிச் சொல்லலாம். தாமரைக்குளத்தில் பிழைத்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லலாம். மெர்சலின் இரண்டையும் நினைத்தாள், இரண்டும் இவளுக்கு எதற்காகும் என்று விட்டுவிட்டாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றாள்.

மங்களேஸ்வரி அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். சண்டை போட வந்தவள், சண்டை கிடைக்காமல் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை என்றாள். நாகேஸ்வரி மயங்கிவிட்டாள், ஒன்றும் பேசவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். விசாரணையில் கேட்டார்கள், பதிவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். ஓர் ஆத்மாவிடம்கூட அதை வாயால் சொன்னதில்லை.

கூடத்துக்கு வெளியே அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். மெர்சலின் போய் அவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“நாகேஸ்வரி என்ன சொன்னா? எங்கிட்டச் சொல்லு,” என்றாள். “நான் கேக்கேன்.”

மங்களேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.